கோல்கொண்டேயைப் படிக்க நிஜாம் காசு எதற்கு?

லாஸ்பேட்டை மாணவன்:
எல்லாருக்கும் வணக்கம். பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) நாலாம் வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் சமகால உலகக் கட்டடக்கலை என்று ஒரு விருப்பப் பாடம் எடுத்தேன். ஜாஹா ஹதீத், ரெம் கூல்ஹாஸ் போன்ற பெரிய கட்டடக் கலைஞர்கள் எல்லாம் ஸ்லைடு ஸ்லைடாக ஓடும், பார்த்து வரைந்து மார்க் வாங்கிவிடலாம் என்றுதான் பாதிப் பேர் சேர்ந்தோம். வந்த மேடம் முதல் வகுப்பிலேயே போர்டில் கேள்விகளை எழுதிப் போட்டுவிட்டார். நிலம் முன்பு யாருடையது, காசு யார் கொடுத்தது, அப்போது ஆட்சியில் யார், கையால் கட்டியது யார், இன்று உள்ளே இருப்பது யார். இதற்கெல்லாம் பதில் எழுதிய பிறகுதான் பிளான், செக்‌ஷன் (கட்டடத்தை வெட்டிக் காட்டும் வரைபடம்) பக்கமே போக வேண்டுமாம். ஒரு கட்டடம் நம் ஊரிலிருந்து எடுக்க வேண்டும் என்றார், எனக்குக் கோல்கொண்டே வந்திருக்கிறது. தெரியாதவர்களுக்கு: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துத் தங்குமிடம், 1937-ல் தொடங்கிய வேலை, ஆன்டொனின் ரேமண்ட் வடிவமைத்தது, இந்தியாவில் ஆர்.சி.சி.யில் (கம்பி வைத்த கான்கிரீட்) வந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று. இன்டர்வியூவுக்குப் போனால் ரெவிட் சாஃப்ட்வேர் தெரியுமா, ஒர்க்கிங் டிராயிங் போடுவாயா என்றுதான் கேட்கிறார்கள். அங்கே போய் இந்தக் கட்டடத்துக்கு ஹைதராபாத் நிஜாம் காசு கொடுத்தார் என்று சொன்னால் வேலை தருவார்களா? இது உண்மையிலேயே உபயோகமா, இல்லை டைம் வேஸ்டா? திட்டாமல் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
தம்பி, திட்டவில்லை, ஆனால் நேராகச் சொல்கிறேன், டைம் வேஸ்ட். போன வருஷம் எங்கள் சைட்டுக்கு ஒரு பையன் டிரெய்னிங் வந்தான். ‘அதிகாரம்’, ‘விளிம்புநிலை’, ‘பொதுவெளி’ என்று வாயைத் திறந்தால் வார்த்தை கொட்டும், கேட்க நன்றாகவே இருக்கும். ஒரு டூப்ளெக்ஸ் வீட்டுக்குப் படிக்கட்டு போடச் சொன்னோம். போட்டுக்கொண்டு வந்தான், லேண்டிங் பீம் ஏறுகிறவன் நெற்றியில் நேராக வந்து நிற்கிறது, ஏழடி ஹெட்ரூம் (தலைக்கு மேல் இடைவெளி) எங்கேயும் வரவில்லை. மேஸ்திரி சிரித்துவிட்டு அவரே ஒரு பழைய சிமெண்ட் பை மேல் பென்சிலால் திருத்திக் காட்டினார். அவர் எட்டாவதோடு நின்றவர். ஐந்து வருஷம், லட்சக்கணக்கில் ஃபீஸ், கடைசியில் இதுதானா?

கோல்கொண்டேயையே எடுத்துக்கொள். கடலிலிருந்து கூப்பிடு தூரம். நம்மூர் உப்புக்காற்றில் நேற்றுக் கட்டிய அபார்ட்மெண்டில் பத்தே வருஷத்தில் சன்ஷேடு கம்பி வெளியே வந்து பல்லைக் காட்டுகிறது, அது எண்பது வருஷத்தைத் தாண்டி நிற்கிறது. ஏன்? கம்பிக்கு மேல் கான்கிரீட் கவர் எவ்வளவு, மணல் எப்படிக் கழுவினார்கள், ஈரம் காக்கிற கியூரிங் எப்படி நடந்தது, வடக்கிலும் தெற்கிலும் ஜன்னலே வைக்காமல் அந்த நீள நீளமான அசையும் பட்டைகள் காற்றை எப்படி உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துகின்றன, மேலே சமதள ஸ்லாபுக்கும் அதன்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளுக்கும் நடுவே விட்ட இடைவெளி சூட்டை என்ன செய்கிறது. இதைப் படி. காசு நிஜாமுடையதா சேட்டுடையதா என்று உப்புக்காற்று பார்த்து அரிப்பதில்லை.

வாய்க்கால் மேற்கு:
கோல்கொண்டேயை நீங்களே எடுத்தீர்கள் சார், நல்லதாகப் போயிற்று. கான்கிரீட் ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டு, மணல், கவர், கியூரிங் என்று நிறுத்திக்கொண்டீர்கள். நான் அடுத்த கேள்வி கேட்கிறேன். அந்தக் காலத்தில் மணலை அவ்வளவு பொறுமையாகக் கழுவ யாருக்கு நேரம் இருந்தது?

வழக்கமான காண்ட்ராக்ட் வேலையே அது இல்லை. ஆசிரமத்து ஆட்களே வேலை செய்தார்கள், அதை ஆன்மிகப் பயிற்சியாக நினைத்துச் செய்தார்கள். பில் போட்டால்தான் அடுத்த வாரம் கூலி என்ற அவசரம் கிடையாது, ‘பூமி பூஜைக்கு மினிஸ்டர் வருகிறார், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று’ என்ற நெருக்கடி கிடையாது. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலமாக நிஜாம் அரசிலிருந்து பணம் வந்தது, அதனால்தான் கோல்கொண்டே என்று பெயரே வந்தது. நடுவே உலகப் போர். சாமான் வருவதே பாடு. கதவு, பட்டைகளுக்கான பித்தளை உதிரிபாகங்களை ஆசிரமத்துப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி இங்கேயே வார்த்தார்கள் என்பது கட்டடத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது. 1937-ல் ஆரம்பித்தது 40-களில்தான் முடிந்தது. ஒரு தங்குமிடத்துக்கு அத்தனை வருஷம்! உங்கள் கம்பெனியில் எந்த கிளையண்ட் சார் அதற்கு ஒப்புக்கொள்வார்?

ஆக, நீங்கள் மெச்சுகிற அந்தத் தரம் கூலி, நேரம், பணம் இவை அமைந்த விதத்திலிருந்து வந்தது. மேடம் கேட்ட ‘காசு யார், கட்டியது யார்’ இதுதான். இதை விட்டுவிட்டு அந்தப் பட்டைகளை மட்டும் காப்பியடித்துத் திண்டிவனம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு மாட்டினால், ரெண்டு மழையில் பட்டை சுழலும் பிவட் துருப்பிடித்து, மூன்றாவது வருஷம் எல்லாவற்றையும் சீல் பண்ணி ஏ.சி. போட்டுவிடுவார்கள். இப்படி ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கட்டியவர்கள் கதை. ரேமண்ட் செக் நாட்டில் பிறந்தவர், டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு ஜப்பான் போய், அங்கேயே பல வருஷம் தொழில் செய்தவர். 30-களின் கடைசியில் ஜப்பான் போர் வெறியில் இறங்கியபோது கிளம்பியவர், புதுச்சேரி வழியாக அமெரிக்கா போனார். 1943-ல் அமெரிக்க ராணுவம் யூட்டா பாலைவனத்தில் டக்வே என்ற இடத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சு அசலாகக் கட்டி, எந்தத் தீக்குண்டு நன்றாகப் பற்றுகிறது என்று சோதித்தது. பாய் விரித்த தரை உட்பட அந்த வீடுகளை வடிவமைத்துக் கொடுத்தது இதே ரேமண்ட். 1945 மார்ச்சில் டோக்கியோ எரிந்தது. கோல்கொண்டேயில் வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், அவரை 1942-ல் குடும்பத்தோடு ஐடஹோ முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து வெளியே எடுக்கப் பொறுப்பேற்றவரும் ரேமண்ட்தான். போர் முடிந்த பிறகு ரேமண்ட் திரும்ப ஜப்பானுக்கே போய்க் கட்டடம் கட்டினார். ஒரே ஆள்! தம்பி, இது தெரிந்த பிறகும் கோல்கொண்டே அழகாகத்தான் இருக்கும். ஆனால் ‘இயற்கையோடு இயைந்த எளிமை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேப்பரை மூட உனக்குக் கை வராது.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
வாய்க்கால் மேற்கு மேடம், கதை பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் டக்வேயில் குண்டு வீடு போட்டதால் இங்கே காற்று ஒரு சுற்று குறைவாக வருகிறதா? ஆளின் ஜாதகத்தையும் கட்டடத்தின் செக்‌ஷனையும் ஒரே பக்கத்தில் ஒட்டுகிறீர்கள். கூலி, நேரம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்பேன், நீங்கள் அரசியல் என்கிறீர்கள்.

குயிலாப்பாளையம்:
நான் படித்த ஆர்க்கிடெக்ட் இல்லை, ஆரோவில் பக்கம் மண்கல் வேலை செய்கிறவன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து நீளமாகப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அடிக்கிற கல்லில் சுமார் 5 சதவீதம்தான் சிமெண்ட், மீதி இங்கேயே தோண்டிய செம்மண். கையால் அழுத்துகிற மெஷின், சூளை கிடையாது, விறகு கிடையாது. அடித்த கல்லை அடுக்கி மூடி நாலு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். இந்தக் கல்லில் எங்கள் ஊரில் எத்தனை வீடு என்று வந்து எண்ணிப் பாருங்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். காலையில் போய் அடுத்தவருக்கு மண்ணில் வளைவுக்கூரை கட்டிக் கொடுத்துவிட்டு, சாயந்தரம் வந்து தன் வீட்டுக்கு செங்கல், கம்பி, ஜல்லி இறக்குகிற மேஸ்திரிகளை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

காரணம் கேளுங்கள். மண் வீடு என்றால் சம்பந்தம் பேச வருகிறவன் முகம் மாறும். பேங்கில் லோன் கேட்டால் மேனேஜர் யோசிப்பார். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் போனால், 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்று வந்ததே, 360 சதுர அடி, மூன்றரை லட்சம், கூரை பெரும்பகுதி ஆர்.சி.சி.யாக இருக்க வேண்டும். குடிசையில் பிறந்தவனுக்குத் தளம் போட்ட வீடு என்பது வாழ்நாள் கனவு. தளம் போட்ட வீட்டிலிருந்து வருகிறவருக்கு மண் வீடு என்பது கொள்கை. கல் ஒன்றுதான்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் ஹஸன் ஃபாத்தி என்று எகிப்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். சாரமும் முட்டும் இல்லாமல் மண்ணில் வளைவுக்கூரை எழுப்புகிற நூபியர் முறையை உலகத்துக்குக் காட்டியவர், நாங்கள் கட்டுவதும் அதே முறைதான். 1940-களில் லக்ஸர் பக்கம் புது கூர்னா என்று ஒரு கிராமத்தையே அப்படிக் கட்டினார். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஜனங்கள் குடிவர மாட்டோம் என்றுவிட்டார்கள். ஏன் என்றால் பழைய கூர்னா கல்லறைகள் மேலேயே இருந்த ஊர், அதை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பு, தொல்பொருள் துறை அவர்களை அங்கிருந்து கிளப்பத்தான் இந்தப் புது ஊரையே போடச் சொன்னது. இன்ஜினியர் சார், செக்‌ஷனில் இந்தக் காரணம் எங்கே தெரியும், சொல்லுங்கள்?

ஓய்வு பெற்ற வாத்தியார், முதலியார்பேட்டை:
கல்லூரியில் இந்தப் பாடத்தை வேறு பெயரில் நடத்தியவன் என்ற உரிமையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு குட்டு. மேடம் போர்டில் எழுதிய கேள்விகள் நல்ல கேள்விகள்தான், ஆனால் படிவம் போல நிரப்பினால் பையன் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவான். சர்வாதிகாரி காசு, ஆகவே கெட்ட கட்டடம். ஏழைகளுக்குக் கட்டியது, ஆகவே நல்ல கட்டடம். திருத்தித் திருத்திக் கை ஓய்ந்திருக்கிறேன்.

வங்கதேசத்தின் டாக்கா நாடாளுமன்றத்தைப் பாருங்கள். 60-களில் அயூப் கான் ஆட்சி, கிழக்கு பாகிஸ்தான்காரர்களைச் சமாதானப்படுத்த இரண்டாவது தலைநகர் என்று ஆரம்பித்தது. வேலையைத் தானே எடுத்திருக்கக்கூடிய உள்ளூர்க் கட்டடக் கலைஞர் முஸாருல் இஸ்லாம் விட்டுக்கொடுத்து, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானை வரவழைத்தார். 1971 போரில் வேலை நின்றது, கான் 1974-ல் இறந்தார், கட்டடம் 1982-ல் முடிந்தது. ராணுவ ஆட்சி போட்ட வேலை, விடுதலை பெற்ற நாட்டின் அடையாளமாகிப் பணநோட்டிலும் ஏறிற்று. 2024 ஆகஸ்டில் பிரதமர் ஹசீனா ஓடியபோது ஜனங்கள் உள்ளே புகுந்ததும் அதே கட்டடம்தான். காசு கொடுத்தவனை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இதில் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள்?

இன்ஜினியருக்கு: அமெரிக்காவில் செயிண்ட் லூயியில் ப்ரூயிட்-ஐகோ என்று 33 பிளாக் குடியிருப்பு, 50-களில் கட்டியது, 1972-லிருந்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். வடிவமைத்தவர் மினோரு யமசாகி, பிறகு நியூயார்க் இரட்டைக் கோபுரம் போட்டவர். நவீனக் கட்டடக்கலை அன்றைக்கே செத்தது என்று எழுதினார்கள், பழி முழுக்க டிசைன் தலையில். லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒரு தரம்தான் நிற்கும், அது கோளாறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரை விட்டே ஜனம் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தது, பராமரிப்புச் செலவு வாடகையிலிருந்தே வர வேண்டும் என்ற ஏற்பாடு, வீடு காலியாகக் காலியாக வாடகை குறைந்து, வாடகை குறையக் குறைய ரிப்பேர் நின்றது. இதைப் படிக்காதவன், உயரமாகக் கட்டினால் ஏழைகள் கெட்டுப்போவார்கள் என்ற முட்டாள்தனமான பாடத்தைக் கற்றுக்கொண்டு வெளியே வருவான். நம் குடிசை மாற்றுக் குடியிருப்புகளைப் பற்றி இப்படிப் பேசுகிற படித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள்.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
வாத்தியார் சாருக்கு வணக்கம். எல்லாரும் எகிப்து, டாக்கா என்று சுற்றுகிறீர்கள், நான் சென்னைக்கு வருகிறேன். ஓமந்தூரார் தோட்டம். ஜெர்மன் கம்பெனி டிசைன், புதிய தலைமைச் செயலகம், 2010 மார்ச்சில் மன்மோகன் சிங் வந்து திறந்தார். மேலே டோம் முடியவில்லை என்று சினிமா ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணியை வைத்துத் தற்காலிகமாக ஒரு டோம் செட் போட்டார்கள். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது, 2014-ல் அது பன்னோக்கு மருத்துவமனை. அரசியலுக்கு இதைவிட ஒரு உதாரணம் உலகத்தில் உண்டா? சரி, இதைப் படித்து இந்தப் பையன் என்ன செய்வான்? அடுத்த எலெக்‌ஷனில் யார் ஜெயிப்பார்கள் என்று டிராயிங்கில் நோட் போடுவானா?

வாய்க்கால் மேற்கு:
நோட் போட வேண்டாம் சார், மாற்றிக்கொள்ள இடம் விட்டுப் போடலாம். ஒரு சட்டமன்றத்தை ஆஸ்பத்திரி ஆக்கினால் வார்டுக்கு வார்டு டாய்லெட் லைன், ஆக்ஸிஜன் பைப், ஸ்ட்ரெச்சர் திரும்புகிற லிஃப்ட், கழிவு வெளியே போகிற தனி வழி என்று எதை எதை உடைக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். கட்டியதைச் சாதாரணமாக இடிக்கக்கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருக்கிற பிரான்ஸ் கட்டடக் கலைஞர் ஜோடி லாகாத்தோன், வஸ்ஸால் 2021-ல் கட்டடக்கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர் வாங்கினார்கள். போர்தோவில் 530 பழைய அரசுக் குடியிருப்புகளை, குடியிருப்பவர்களை வெளியேற்றாமலே, முன்பக்கம் புதுசாக ஒரு அகலமான கண்ணாடித் தாழ்வாரத்தைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இடித்துக் கட்டுவதுதான் முன்னேற்றம் என்ற அரசாங்கக் கொள்கையோடு மோதிப் பிறந்த டிசைன் அது. இங்கே டெல்லியில் 1972-ல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கத்தை 2017-ல் ராத்திரியோடு ராத்திரியாக இடித்துத் தள்ளினோம்.

நம் ஊர் மேரி கட்டடத்தையும் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்) சொல்லிவிடுகிறேன். 2014 நவம்பர் மழையில் சரிந்தது, பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள், சந்தோஷம். ஆனால் பிரெஞ்சுப் பகுதியைப் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் முற்றமும் வைத்த தமிழ் வீடு ஒன்று சரிந்தால் அந்த மனையில் அடுத்த வருஷம் நாலு மாடி ஜவுளிக்கடை. வைசியாள் வீதியைச் சீரமைத்ததற்கு யுனெஸ்கோ விருது வந்தது உண்மைதான், ஒரு வீதி அது. எது பாரம்பரியம் என்று முடிவு செய்கிற மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் மாணவன் கேட்கட்டுமே.

தேவனாம்பட்டினம்:
கடலூர் அண்ணே, நீங்கள் என்.டி., அதாவது புதுநகர்க்காரர், நான் கடற்கரைக்காரன், அதனால் உரிமையோடு கேட்கிறேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குக் கொடுத்த வீட்டை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

2005 மார்ச்சில் அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவன் உள்ளே தள்ளி வந்தால்தான் புது வீடு, வந்தால் பழைய மனையை அரசாங்கத்துக்கு விட்டுவிட வேண்டும். வீடு 300லிருந்து 325 சதுர அடி, ஒன்றரை லட்சம். எங்கள் சித்தப்பாவுக்குக் கிடைத்த வீட்டைச் சொல்கிறேன். ஒரு ஹால், ஒரு ரூம், மேடை வைத்த சமையலறை. கேஸ் அடுப்பு உயரத்துக்கு மேடை, அன்றைக்கு எல்லாரிடமும் விறகு அடுப்பு, புகை போக ஒரு சின்ன கிரில் ஜன்னல். முதல் மாதமே சித்தி வெளியே ஓலை இறக்கி அடுப்பை அங்கே போட்டுவிட்டாள். மேடைமேல் வலை. ரூமுக்குள் இன்ஜின், ஏனென்றால் இன்ஜினைக் கரையில் விட்டால் காலையில் இருக்காது. கருவாடு காய வைக்க இடம் கிடையாது, மொட்டை மாடிக்கு ஏறப் படி கிடையாது, மூங்கில் ஏணிதான். முன்பு பங்காளி வீடுகள் எல்லாம் ஒன்றின் வாசலை ஒன்று பார்த்து இருக்கும், குழந்தையை விட்டுவிட்டு மீன் விற்கப் போகலாம். இங்கே குலுக்கலில் வீடு, வரிசை வரிசையாக ஒருவன் முதுகை ஒருவன் பார்த்துக்கொண்டு. விடியற்காலை நாலு மணிக்குக் கூடையோடு துறைமுகம் போக ஷேர் ஆட்டோ கிடையாது. கடைசியில் சித்தப்பா பாதி நாள் கரையில் கீற்றுக் கொட்டகையில்தான்.

கட்டினது நல்ல இன்ஜினியர்கள்தான் அண்ணே, தானே புயலில் கூரை அசையவில்லை. ஹெட்ரூம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
தம்பி, அந்த மாதிரி சைட்டில் நானே நின்றிருக்கிறேன், அதனால் கேள். மணல் கிடைக்காது, கொத்தனார் கிடைக்காது, ஒரே சமயத்தில் கடற்கரை முழுக்க வேலை. நிதி கொடுத்தவர்களுக்கு ஆண்டு நினைவு நாளில் சாவி கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டும். டிசைன் மேலிருந்து வரும், ஒரு சுவரை நகர்த்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அடுப்பை வெளியே வைக்கலாமே என்று எங்கள் மேஸ்திரியே கேட்டார். டிராயிங்கில் இல்லை என்று பதில் வந்தது. அந்த வீட்டின் கோளாறு பிரீஃப், அதாவது என்ன தேவை என்ற குறிப்பு, சரியாக எழுதாதது. வாழப்போகிறவர்களிடம் கேட்காமல் பிரீஃப் எழுதினால் அப்படித்தான் ஆகும், இதற்கு உலகக் கட்டடக்கலை படிக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டால் போதும்.

குயிலாப்பாளையம்:
பிரீஃபை மேலே இருந்து எழுதினது யாரு சார், அதைத்தானே அந்த மேடம் பையனைக் கேட்கச் சொல்லுது.

வாத்தியார், முதலியார்பேட்டை:
தேவனாம்பட்டினத்துத் தம்பி சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சிலியில் இக்கிக் நகரம், 2004. சுமார் நூறு குடும்பங்கள், ஊர் நடுவே ஆக்கிரமித்து இருந்த நிலம், ஒரு வீட்டுக்கு 7,500 டாலர்தான் அரசு மானியம், அதில் நிலத்துக்கும் சேர்த்து. கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா குழு அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல் அதே இடத்தில் பாதி வீடு மட்டும் கட்டிக் கொடுத்தது. கூரை, சமையலறை, குளியலறை, படிக்கட்டு, அதாவது குடும்பம் தானே கட்டச் சிரமப்படுகிற பாதி. பக்கத்திலேயே அதே அளவு காலி இடம், காசு சேரும்போது அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். 2016-ல் பிரிட்ஸ்கர். இதை முழு வீடு கொடுக்க வேண்டிய அரசு பாதியில் கைகழுவ ஒரு அழகான சாக்கு என்று திட்டுகிறவர்களும் உண்டு, அந்தத் திட்டிலும் நியாயம் உண்டு. நம் கட்டடக் கலைஞர் தோஷி இந்தூர் அரண்யா குடியிருப்பில் 80-களிலேயே இதைச் செய்தார், பிளிந்த்தும் (அடித்தள மேடை) ஒரு குளியலறையும் போட்டுக் கொடுத்து மீதியை விட்டுவிட்டார். படிக்கட்டை எங்கே வைப்பது என்பதே இங்கே மானியக் கொள்கைக்குப் பதில். கடலூர் நண்பருக்குப் பிடிக்கும்.

லாஸ்பேட்டை மாணவன்:
சார், எனக்கு ஜாஹா ஹதீத் ரொம்பப் பிடிக்கும். பாகூவில் இருக்கும் ஹைதர் அலியேவ் சென்டரை ஒரு கட்டடமாக எடுக்கலாமா என்று கேட்டேன், மேடம் ஒரு மாதிரி பார்த்தார். பிடிக்கவே கூடாதா?

வாத்தியார், முதலியார்பேட்டை:
தாராளமாக எடு. அந்த வளைவுக்குள்ளே ஸ்பேஸ் ஃபிரேம் (முப்பரிமாண உலோகச் சட்டகம்) எப்படி நிற்கிறது, மேலே கண்ணாடி இழை கலந்த கான்கிரீட் பலகைகள் எப்படி ஜாயிண்ட் ஜாயிண்டாக ஓடுகின்றன என்று வரை, வரைவதே ஒரு தவம். அதோடு, ஒரு அதிபர் தன் அப்பாவின் பெயரில் கட்டியது, நகரத்தில் அந்த வருஷங்களில் வீடுகளைக் காலி செய்த விதம் பற்றி மனித உரிமைக் குழுக்கள் சொன்னது, 2014-ல் லண்டனில் டிசைன் விருது வாங்கியபோது எழுந்த எதிர்ப்பு, இதையும் எழுது.

ஆனால் ஒன்று. அரசியல் எழுதினால் செக்‌ஷனில் மில்லிமீட்டர் பார்க்கிற அதே கறாரோடு எழுது. அதே 2014-ல் ஒரு பெரிய அமெரிக்க விமர்சகர், கத்தாரில் ஹதீதின் ஸ்டேடியத்தில் ஆயிரம் தொழிலாளர்கள் செத்தார்கள் என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டார். அந்த ஸ்டேடியத்தில் அப்போது வேலையே தொடங்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார், ஹதீத் வழக்குப் போட்டு, பிறகு சமாதானமாகிற்று. கத்தாரில் தொழிலாளர்கள் சாவது நிஜம், நம் ஊர் ஆட்களும் அதில் உண்டு. அது அரசாங்கம் பார்க்க வேண்டியது என்று ஹதீத் ஒதுங்கினார், அந்தப் பதிலைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விமர்சகர் தகவலில் கோட்டை விட்டதால் பேச்சு முழுக்க அந்தத் தப்பைச் சுற்றியே போயிற்று.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
இப்போது வந்தீர்கள் வழிக்கு. கறார். அதற்குத்தான் நான் முதலிலிருந்து கத்துகிறேன். லண்டன் கிரென்ஃபெல் டவர், 24 மாடி, 2017 ஜூன் 14, 72 பேர் செத்தார்கள். நடுவே பாலிஎத்திலீன் வைத்த அலுமினியப் பேனல், வேகமாகப் பற்றுகிற சரக்கு அது, அதை வெளிச்சுவர் முழுக்க ஒட்டினார்கள். பின்னால் இடைவெளி, அதில் தீத்தடுப்புப் பட்டைகள் ஒழுங்காக இல்லை. விசாரணை அறிக்கை ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கும் மிகப் பெரிய பொறுப்பு என்று சொன்னது. டீட்டெயில் தெரிந்த ஒரு ஆள் அந்த ஆபீசில் இருந்திருந்தால்? டேட்டா ஷீட்டைப் படிக்கத் தெரிந்தால்? அங்கே குறைவாக இருந்தது சமூகப் பார்வை அல்ல, சுவர் செக்‌ஷன் அறிவு.

வாய்க்கால் மேற்கு:
அதே அறிக்கையை நானும் படித்தேன் சார். 2024 செப்டம்பரில் வந்த கடைசிப் பகுதி. பேனலும் இன்சுலேஷனும் தயாரித்த கம்பெனிகள் சோதனை முடிவுகளைத் திட்டமிட்டு மறைத்து விற்றார்கள் என்று அதில் இருக்கிறது. டேட்டா ஷீட்டே பொய் என்றால் படிக்கத் தெரிந்து என்ன பயன்? முதலில் துத்தநாகப் பேனல் என்று இருந்ததை, சுமார் 3 லட்சம் பவுண்ட் மிச்சம் பிடிக்க இந்த அலுமினியச் சரக்குக்கு மாற்றினார்கள். எங்கே? கென்சிங்டன், லண்டனிலேயே பணக்கார வட்டாரம். அந்த டவரில் இருந்தவர்களோ அரசுக் குடியிருப்பு வாடகைதாரர்கள், தீப்பிடித்தால் சாவோம் என்று அவர்களே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விதிமுறையை இறுக்காமல் விட்ட அரசாங்கத்தையும் அறிக்கை விடவில்லை.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
டேட்டா ஷீட் பொய் என்றால் ஒரு துண்டை வெட்டி சைட்டிலேயே கொளுத்திப் பார்க்க வேண்டியதுதான். கம்பி வந்தால் நாங்கள் லேபுக்கு அனுப்புவதில்லையா? சப்ளையரை நம்பி எதையும் போடுவதில்லை. அதற்குப் பெயர் சந்தேகம், அரசியல் இல்லை.

வாய்க்கால் மேற்கு:
அந்தச் சந்தேகத்தைக் கல்லூரியில் ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள், நீங்கள் டைம் வேஸ்ட் என்கிறீர்கள்.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
வேறு பெயர் வையுங்கள், நானே வந்து கிளாஸ் எடுக்கிறேன். ஆனால் ஸ்ட்ரக்சர் பீரியடைக் குறைத்துவிட்டு இதை வைத்தால் எதிர்ப்பேன், இப்போதும் அதே கட்சிதான்.

லாஸ்பேட்டை மாணவன்:
எல்லாருக்கும் நன்றி. கோல்கொண்டேயை விடவில்லை, ஆனால் ‘நம் ஊர்க் கட்டடம்’ என்பதற்கு சுனாமி வீட்டையும் சேர்த்து ரெண்டையும் எதிரெதிரே வைத்து எழுதலாமா என்று மேடத்திடம் கேட்டேன், சரி என்றார். ஒன்று வருஷக்கணக்கில் கட்டியது, இன்னொன்று நினைவு நாளுக்குள் முடிக்க வேண்டியது. தேவனாம்பட்டினம் அண்ணே, உங்கள் சித்தப்பா வீட்டை அளவெடுக்க விடுவார்களா? கொடுத்தபோது இருந்த பிளானும், இன்று சுற்றி இறக்கியிருக்கிற ஓலை, ஷீட், ஏணி எல்லாமும் வேண்டும். அந்த வீட்டின் மூல டிராயிங் எங்கே கிடைக்கும்?

தேவனாம்பட்டினம்:
ஞாயிற்றுக்கிழமை வா, அன்றைக்கு வலை வெளியே இருக்கும், ரூமை அளக்கலாம். சித்தியிடம் முதலில் பேசு, வீடு அவள் பேரிலும் இருக்கிறது.

சைட் இன்ஜினியர், கடலூர் என்.டி.:
மூல டிராயிங் கட்டிய காண்ட்ராக்டரிடம் இருக்காது, கேட்டு அலையாதே. கலெக்டர் ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும், வரவில்லை என்றால் மேல்முறையீடு. அரசாணை நகல், வீட்டு பிளான், நிலம் கையகப்படுத்திய ஃபைல் என்று மூன்றையும் தனித்தனிக் கேள்வியாக எழுது, ஒரே வாக்கியத்தில் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டு மூடிவிடுவார்கள். சப்மிஷன் தேதிக்கு முன்னால் வர வேண்டும் என்றால் நாளைக்கே போடு.